மோட்டார் சைக்கிளில் கிளட்ச் இயக்கப் பழகுதல்

கிளட்ச் என்பது எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டியுடன் இணைக்கவும் பிரிக்கவும் பயன்படும் பகுதி. தமிழில் இதை உரசிணைப்பி எனலாம். கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் இடது கைப்பிடியிலுள்ள லீவர் இதை இயக்குகிறது. லீவரை அழுத்தினால் இணைப்பு பிரியும், விட்டால் சேரும். புதிதாகப் பழகுவோரின் வண்டி துள்ளுவதற்கும் எஞ்சின் அணைந்துபோவதற்கும் பெரும்பாலும் லீவரைச் சட்டென்று விடுவதே காரணம்.

கிளட்ச்சின் தேவை

எஞ்சின் சுழலாமல் உயிருடன் இருக்க முடியாது. ஆக்சிலரேட்டரைத் திருகாத நிலையிலும் 100 சி.சி. வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 முறை சுழல்கிறது. ஆனால் சிக்னலில் நிற்கும் வண்டியின் சக்கரம் சுழல்வதில்லை. இவ்விரண்டையும் ஒரே நொடியில் பிணைத்தால் வண்டி முன்னே பாயும் அல்லது எஞ்சின் அணையும். இடைப்பட்ட சில நொடிகளுக்கு வழுக்கிக்கொண்டே சிறிது சிறிதாக இணைவதற்காகவே கிளட்ச் அமைக்கப்பட்டுள்ளது.

அமைப்பும் செயற்பாடும்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச். இதில் உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வகைத் தட்டுகள் எஞ்சினோடும் மற்றவை கியர் பெட்டியோடும் சுழலும். சுருள்வில்கள் அவற்றை இறுக அழுத்தி வைத்திருக்கும். லீவரை அழுத்தும்போது அந்த அழுத்தம் நீங்கித் தட்டுகள் தனித்தனியே சுழலும்.

லீவரை மெல்ல விடும்போது தட்டுகள் முதலில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பாடநூலில் படிக்கும் இயக்க உராய்வு இதுவே. இரண்டின் வேகமும் சமமானதும் வழுக்கல் நின்று நிலை உராய்வு பற்றிக்கொள்ளும். இந்த வழுக்கும் பகுதியைத்தான் பேச்சுவழக்கில் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறோம்.

லீவரின் அசைவை மூன்று பகுதிகளாகக் கருதலாம்.

* முதற்பகுதி: முழுதாக அழுத்திய நிலையிலிருந்து தட்டுகள் தொடும் வரை. இங்கே விரைவாக விடலாம்.
* நடுப்பகுதி: தட்டுகள் வழுக்கும் இடம். இங்கே கை மெதுவாக நகர வேண்டும். வண்டி உருளத் தொடங்கும் வரை சற்று நிறுத்தவும் வேண்டும்.
* கடைசிப்பகுதி: முழு இணைப்பு ஏற்பட்ட பிறகு. மீதியை விட்டுவிடலாம்.

பழகுவோர் பலர் நடுப்பகுதி வரை பொறுமையாக வந்து, வண்டி அசைந்தவுடன் அச்சத்தில் லீவரை முழுதாக விட்டுவிடுகின்றனர். பயிற்சி வேண்டியது இந்த இடத்தில்தான்.

பயிற்சி முறை

வாகனம் வராத சமதளமான மைதானத்தில், தலைக்கவசம் அணிந்து, பழகியவர் ஒருவர் உடனிருக்கத் தொடங்க வேண்டும்.

1. எஞ்சினை அணைத்துவிட்டு, பார்வை முன்னே இருக்க, லீவரை அழுத்தி மெல்ல விட்டுப் பழகுதல்.
2. எஞ்சினை இயக்கி, லீவரை முழுதாக அழுத்தி முதல் கியர் போடுதல். இரு கால்களும் தரையில் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் லீவரை மெல்ல விட, ஓரிடத்தில் எஞ்சின் ஒலி தணியும். வண்டி முன்னே நகர முனையும். அதுவே பற்றும் இடம். உடனே மீண்டும் அழுத்த வேண்டும். இதை 20 முறையாவது செய்தால் அந்த இடம் கைக்குத் தெரிந்துவிடும்.
3. அதே இடத்தில் லீவரை நிறுத்தி, கால்களால் நடந்தபடி பத்தடி தூரம் வண்டியை நகர்த்துதல்.
4. ஆக்சிலரேட்டரைச் சிறிது திருகி, ஒலி சீராக இருக்கும்படி வைத்துக்கொண்டு லீவரை விடுதல். உருளத் தொடங்கியதும் கால்களைத் தூக்கி வைத்தல்.
5. கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்து, லீவரை அழுத்தி, கியரை மாற்றி, மீண்டும் மெல்ல விடுதல். கியரைக் குறைக்கும்போது கூடுதல் நிதானம் தேவை. சட்டென விட்டால் பின்சக்கரம் இழுபடும்.

மேட்டில் வண்டி எடுத்தல்

மேம்பாலத்தில் நிற்கும்போது இடது காலை ஊன்றி, வலது காலால் பின்பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும். லீவரைப் பற்றும் இடம் வரை விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டினால் வண்டி முன்னே இழுப்பது தெரியும். அதன் பிறகே பிரேக்கை விட வேண்டும். முதலில் பிரேக்கை விட்டால் வண்டி பின்னோக்கி உருண்டு, பின்னால் நிற்கும் வாகனத்தில் மோதக்கூடும்.

எட்டு போடுதல்

ஓட்டுநர் உரிமத் தேர்வில் '8' வடிவத்தில் ஓட்டும்போது காலை ஊன்றக்கூடாது. வளைவில் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்தால் வண்டி தள்ளாடும். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, ஹாஃப் கிளட்ச்சாலும் பின்பிரேக்கை லேசாகத் தொடுவதாலும் வேகத்தை ஆள்வது எளிது. முன்சக்கரத்தைப் பார்க்காமல் போகவேண்டிய திசையைப் பார்க்க வேண்டும்.

ஸ்கூட்டரிலிருந்து மாறுவோர் கவனத்திற்கு

கியர் இல்லாத ஸ்கூட்டரில் மையவிலக்கு விசையால் கிளட்ச் தானே இணைகிறது. அதில் இடது லீவர் பின்பிரேக்; மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பழக்கத்தால் அதை மட்டும் அழுத்தினால் வண்டி நிற்காது. எஞ்சினின் இழுவையும் நீங்கித் தொடர்ந்து உருளும். வலது கையில் முன்பிரேக், வலது காலில் பின்பிரேக் என்பதை வண்டியை எடுக்கும் முன்பே மனத்தில் பதிக்க வேண்டும்.

வண்டி எதிர்பாராமல் பாயும்போது பயந்தவர் கைப்பிடியை இறுகப் பற்ற, ஆக்சிலரேட்டர் மேலும் திரும்பிவிடுகிறது. அப்போது முதலில் செய்ய வேண்டியது கிளட்ச்சை முழுதாக அழுத்துவது. எஞ்சின் அலறினாலும் அதன் ஆற்றல் சக்கரத்துக்குச் செல்லாது. அடுத்து ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக் பிடிக்கலாம். பழகும் நாட்களில் நான்கு விரல்களும் லீவரின்மேல் இருப்பது இதற்காகவே.

பராமரிப்பு

வழுக்கும்போது தட்டுகள் சூடாகின்றன. எண்ணெய் அச்சூட்டைக் கடத்துகிறது. ஆகவே குறுகிய நேர ஹாஃப் கிளட்ச்சால் தீங்கில்லை. ஓடும்போதெல்லாம் லீவரில் விரலை அழுத்தி வைத்திருந்தால் தட்டுகள் விரைவில் தேயும். லீவரின் நுனியில் சிறிதளவு தளர்வசைவு இருக்க வேண்டும். பல வண்டிகளுக்கு இது 10 முதல் 20 மி.மீ. வழுக்கலைக் கூட்டும் கார் எண்ணெயைத் தவிர்த்து, கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

சட்ட விதிகள்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லும். அக்காலத்தில் வண்டியில் 'எல்' பலகை இருக்க வேண்டும். பயிற்றுநரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது.