ரொட்டிக்குத் துணை சோயா

மலையகத்தின் காலையுணவு யாதென்று வினவுவோர்க்கு விடை கூறப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. எல்ல, தெமோதர, பண்டாரவளை, பசறை என ஊவாவின் எத்தோட்டத்துக்குச் சென்றாலும், விடியற்பொழுதில் லயத்து அடுப்பில் வேகுவது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியே. அதற்குத் துணை ஒரு சம்பலும் சீனியிட்ட வெறுந் தேநீரும். நேரம் தவறாமல் பிரட்டுக் களத்துக்குச் செல்ல வேண்டிய தாய்க்கு இதைவிட எளிதான உணவு கிடைப்பதரிது. மலையேறிக் கொழுந்து பறிப்பதற்கு வேண்டிய வலுவையும் அது ஓரளவு தருகின்றது.

எனினும், வயிறு நிறைந்ததனால் மட்டும் தேகம் வளர்ந்துவிடாது. தசையும் குருதியும் உருவாவதற்குப் புரதச் சத்து இன்றியமையாதது. கோதுமை மாவிலும் புரதம் உண்டு. 100 கிராம் மாவில் ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். ஆனால் அப்புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. வீடு கட்டுவோனுக்குக் கல் மிகுதியாகக் கிடைத்தும் சுண்ணாம்பு போதாவிடில் சுவர் எழும்பாதல்லவா? உடலின் நிலையும் அத்தகையதே.

இக்குறையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. 2016ஆம் ஆண்டில் இலங்கையில் நடத்தப்பெற்ற குடிசனச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட சிறாருள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். இதற்குத் தாயின் மெலிவு, அடிக்கடி வரும் நோய், தூய நீரின்மை எனக் காரணங்கள் பல. அவற்றுள் உணவுக் குறைவும் ஒன்று. மற்றவற்றை மாற்றக் காலமும் பிறர் துணையும் வேண்டும். உணவில் ஒரு சிறு மாற்றத்தையோ நம் அடுப்பங்கரையிலேயே தொடங்கிவிடலாம்.

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியன சிறந்த புரத உணவுகள் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் கடலுக்குத் தொலைவில், சுமார் 1,000 மீற்றர் உயரத்திலுள்ள எல்லவில் நாள்தோறும் மீன் வாங்குவது நாட்கூலிக் குடும்பத்துக்கு இயலாத காரியம். இவ்விடத்திலேதான் கடைகளில் ‘சோயா மீற்’ என விற்கப்படும் உலர்ந்த சோயாத் துண்டுகள் கைகொடுக்கின்றன. தமிழகத்தார் இதனையே ‘மீல் மேக்கர்’ என்பர். பெயரில் ‘மீற்’ இருந்தபோதிலும் துண்டு இறைச்சியன்று. சோயா அவரையிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் மாவை நீருடன் பிசைந்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் சிறு துளை வழியே செலுத்துவர். வெளியே வரும்போது அது பொங்கி, இறைச்சி போன்ற நாரிழைகளைப் பெறுகின்றது. 1960களில் அமெரிக்காவில் இம்முறை உருவாக்கப்பெற்றது.

நம் நாட்டுக்கும் சோயா புதியதன்று. கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த சிறாருக்கும் சுகாதாரப் பகுதியினர் வழங்கும் ‘திரிபோஷா’ மா, சோளத்தையும் சோயாவையும் கொண்டு ஆக்கப்பெறுவது. அத்திட்டம் 1973இல் தொடங்கிற்று. பேராதனையை அடுத்த கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையமும் நிறுவப்பெற்றது.

உலர்ந்த சோயாத் துண்டுகள் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம் உண்டு. அதே நிறையுள்ள மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராமும், ஒரு கோழி முட்டையில் 6 கிராமும் உள்ளன. ஆனால் துண்டுகள் நீரில் ஊறி இரண்டு மூன்று மடங்கு நிறை கூடுமாதலால், கணக்கை உலர்ந்த நிறையிலேயே பார்த்தல் வேண்டும். சில வகைகளில் கோதுமை மாவும் கலந்திருக்கும். பொதியின் மேலுள்ள புரத அளவை வாசித்து வாங்குவது நலம்.

கோதுமையில் குறையும் லைசின் சோயாவில் நிறைய உண்டு. சோயாவில் குறையும் மெதியோனினைக் கோதுமை ஈடு செய்கின்றது. ஆகவே ரொட்டியும் சோயாக் கறியும் ஒன்றுக்கொன்று உற்ற துணையாகின்றன.

ஐவர் கொண்ட குடும்பத்துக்குச் செய்யும் முறை இது: 100 கிராம் துண்டுகளைச் சிறிது உப்பிட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிடுக. பின்னர் நன்றாகப் பிழிந்து, குளிர்ந்த நீரில் இருமுறை அலசி மீண்டும் பிழிக. அவரையின் பச்சை வாசனை இதனால் நீங்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி, உள்ளி ஆகியவற்றைச் சேர்த்துப் பிரட்டி வைக்குக. வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, துண்டுகளையும் இட்டுக் கிளறுக. தக்காளியும் நீரும் சேர்த்து வேகவிட்டு, இறுதியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குக. அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு பிழிதல் நன்று. ஒவ்வொருவருக்கும் சுமார் 10 கிராம் புரதம் கிடைக்கும். 45 கிலோ எடையுள்ள பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 37 கிராம் என்பதை நோக்கின் இது சிறு பங்கன்று. சிறு குழந்தைகளுக்கு உறைப்பின்றி ஆக்கி, நன்கு மசித்துக் கொடுக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உள. பொதியுடன் வரும் சுவைத்தூளில் உப்பு மிகுதி. அதனைக் குறைத்து வீட்டுக் கறித்தூளைப் பயன்படுத்துக. சோயா சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். இயற்கையாக அதில் பி12 உயிர்ச்சத்து இல்லை. ஆதலால் இயன்றபோது முட்டை, பால், நெத்தலிக் கருவாடு ஆகியவற்றையும் சேர்த்தல் அவசியம். உணவுடன் அருந்தும் தேநீர் இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்குமாதலால், அதனை ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுவதே உத்தமம்.

இறுதியாக ஒன்று. நம் இல்லங்களில் அனைவருக்கும் பரிமாறியபின் சட்டியில் எஞ்சும் குழம்பைத் தொட்டு ரொட்டியை உண்டு எழுபவள் தாய். அவள் மெலிந்தால் பிறக்கும் குழந்தையும் மெலிந்தே பிறக்கும். கறி அடுப்பிலிருந்து இறங்கியதும் அதனை ஐந்து பங்காக வகுத்து, தாயின் பங்கை முதலில் எடுத்து வைத்தல் வேண்டும். இதனை நினைவூட்டும் பொறுப்பு தந்தையருக்கும், பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.