பின்னத்தால் வகுத்தல்

பல ஆண்டுகளுக்கு முன், கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையொன்றில், கலைப்பட்டதாரியாகிய நானே எண்கணிதமும் கற்பிக்க நேர்ந்தது. “வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக” என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவியொருத்தி எழுந்து, “ஐயா, வகுத்தால் குறையத்தானே வேண்டும்? ஆறை அரையால் வகுக்கப் பன்னிரண்டு வருகிறதே, ஏன்?” என்றாள். “அது விதி, எழுதிக்கொள்” என்று கூறி அவளை இருத்திவிட்டேன். அதன்பின் அவள் என்னிடம் வினா எதுவும் கேட்டதில்லை. உண்மை யாதெனில், விடை எனக்கே தெரியாது. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல முயல்கிறேன்.

வகுத்தல் என்றால் பங்கிடுதல் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆறு மாம்பழங்களை இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று. ஆயின், அரை மனிதருக்கு எவ்வாறு பங்கிடுவது? இங்கேதான் பிள்ளைகள் மயங்குகின்றனர். வகுத்தலுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஓர் அளவுக்குள் இன்னோர் அளவு எத்தனை முறை அடங்கும் எனக் காண்பதும் வகுத்தலே. ஆறு கொத்து அரிசியை அரைக்கொத்தால் அளந்தால் எத்தனை முறை அளக்கலாம்? ஒரு கொத்தில் இரண்டு முறை. ஆறு கொத்தில் 12 முறை. அளக்கும் அளவு சிறுக்கச் சிறுக்க, அளக்கும் தடவை பெருகும். வகுத்தால் குறையும் என்பது ஒன்றிலும் பெரிய எண்ணால் வகுக்கும்போது மட்டுமே பொருந்தும்.

யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கொன்றைப் பார்ப்போம். முக்கால் ஏக்கர் காணியை அரைக்கால் ஏக்கர்த் துண்டுகளாகப் பிரித்தால் எத்தனை துண்டு? ஓர் ஏக்கர் 16 பரப்பு. ஆகவே முக்கால் ஏக்கர் 12 பரப்பு. அரைக்கால் ஏக்கர் 2 பரப்பு. 12ஐ 2ஆல் வகுக்க, 6 துண்டுகள். இரண்டையும் ஒரே சிறிய அளவுக்குக் கொண்டுவந்ததும், பின்னம் மறைந்து முழுவெண் கணக்காயிற்று.

இனி, தலைகீழாக்கும் விதி. ஓர் ஏக்கரில் அரைக்கால் ஏக்கர்த் துண்டுகள் 8 உண்டு. முக்கால் ஏக்கரில் அவ்வெட்டின் முக்கால் பங்கு, அதாவது 6 இருக்கும். எட்டில் ஒன்றால் வகுத்தது எட்டால் பெருக்கியதாயிற்று. வகுக்கும் பின்னம் முக்கால் எனின்? ஒன்றில் 4 கால்கள் உண்டு. மூன்று கால் சேர்ந்ததே ஒரு முக்கால். ஆதலால் அந்நான்கை மூன்றால் வகுக்க வேண்டும். ஒன்றுக்குள் முக்கால் அடங்கும் முறை 4/3. தலைகீழாக்கிய பின்னம், அதாவது நிகர்மாறு, கூறுவது இதனையே. ஒன்றுக்கு 4/3 எனின், இரண்டுக்கு அதன் இருமடங்கு; எனவேதான் பெருக்குகிறோம்.

மீதியில் ஒரு மயக்கம் உண்டு. குழந்தைச் சட்டையொன்றுக்கு முக்கால் மீற்றர் துணி வேண்டும். இரண்டு மீற்றரில் எத்தனை சட்டை? கணக்கின்படி இரண்டும் மூன்றில் இரண்டும். வெட்டிப் பார்த்தாலோ, இரண்டு சட்டை போக அரை மீற்றர் மிஞ்சுகிறது. எது சரி? இரண்டுமே சரி. விடை மீற்றரைக் குறிப்பதன்று, சட்டையைக் குறிப்பது. அரை மீற்றர் என்பது ஒரு சட்டைத் துணியின் மூன்றில் இரண்டு பங்கு.

இவ்விதி புதியதன்று. 628ஆம் ஆண்டில் பிரமகுப்தரும், 1150இல் இயற்றிய லீலாவதியில் பாஸ்கரரும் இதனைக் கூறியுள்ளனர். எனினும் விதியை அறிதல் வேறு, பொருளை அறிதல் வேறு. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்குக்கு ஏற்ற கதையொன்று சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டு, லிப்பிங் மா என்ற அறிஞர் 1999இல் நூலொன்று வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர் 23 பேருள் ஒருவரே பொருத்தமான கதை சொன்னார். சிலர் அரையால் வகுப்பதற்குப் பதிலாக இரண்டாகப் பங்கிடும் கதையைச் சொன்னார்கள். தடுமாறியவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதை அதிலே கண்டேன்.

பெற்றோரே, ஆசிரியரே, விதியைச் சொல்லுமுன் அரிசியையும் காணியையும் துணியையும் கொண்டு பிள்ளையை அளக்கச் செய்யுங்கள். “ஏன்?” என்று எழுந்து நிற்கும் பிள்ளையை மட்டும் இருத்திவிடாதீர்கள். விடை தெரியாவிடின், “நாளை பார்த்துச் சொல்கிறேன்” என்பதில் இழுக்கில்லை.