ஒட்டுப்பலகை: காட்டிலிருந்து வயலுக்கு

பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை நம் நாட்டில் முதலில் பெருமளவு வேண்டப்பட்டது தேயிலையை அடைத்து அனுப்புவதற்கேயாகும். இறக்குமதியான பெட்டிகளுக்கு மாற்றாக, அஸ்ஸாம் காடுகளின் ஹோலாங் முதலிய மரங்களைக்கொண்டு அவை இங்கேயே செய்யப்படலாயின. 1947இல் டில்லியில் தோன்றிய இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் பட்டியலில் முதல் எண் தேசியக் கொடிக்கு உரியது. பத்தாவது எண் ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டிக்கு!

மரத்துண்டை வெந்நீரில் இளக்கிக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, சுருட்டிய பாயை விரிப்பதுபோல் மெல்லிய ஏடாக உரிப்பர். ஓர் ஏட்டின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் அமையுமாறு பிசினிட்டு, வெப்பத்தில் அழுத்துவர். ஆதலின் பலகை எளிதில் பிளவாது.

நிற்க. இவ்வாலைகளின் பசிக்குக் காடு எத்தனை காலம் ஈடுகொடுக்கும்? 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் டில்லியில் பிறப்பித்த ஆணை, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவதைத் தடுத்தது. அங்கே ஆலைகள் பல மூடப்பட்டன, பிழைப்பிழந்தோர் பலர். தொழிலோ டில்லிக்கு வடக்கேயுள்ள ஹரியானாவின் யமுனாநகரில் பெருகிற்று. அங்குக் காட்டு மரம் இல்லை. உழவர் வயலில் வளர்த்த பாப்ளரும் யூகலிப்டஸுமே மூலப்பொருள். குளிர்காலத்தில் பாப்ளர் இலையுதிர்ப்பதால் அதனடியில் கோதுமையும் விளைகிறது. ஆயினும் மரம் முதிர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். விலையோ அதுவரை காத்திராது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாப்ளர் விலை வீழ்ந்தபோது உழவர் பலர் நடுவதை நிறுத்தினர். சில ஆண்டுகளில் ஆலைகள் மரத்துக்குத் தவித்தன.