வரலாறு பயில்வோரும் விருப்பப்பாடமும்

வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொண்டு பட்டப்படிப்புப் பயிலும் மாணவர்க்கு மூன்றாம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். முதல் ஈராண்டுகளில் இந்திய வரலாறு, தமிழக வரலாறு, உலக வரலாறு எனப் பரந்த நிலப்பரப்பை விரைந்து கடக்கும் அவர், இறுதிப் பருவங்களில்தான் விருப்பப்பாடம் என்னும் வாயிலை அடைகின்றார். அவ்வாயிலில் எதனை நோக்கித் தேர்வு செய்வது என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. நாம் வாழும் புதுச்சத்திரம் வட்டாரத்திலிருந்து நாமக்கல்லுக்கும் ஆண்டகளூர்கேட்டுக்கும் சேலத்துக்கும் பேருந்தேறிச் சென்று படிப்போரில், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் பலர். வீட்டில் கேட்டறிய ஆளில்லாத அவர்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஆய்வரங்கு என்பது யாது?

ஆய்வரங்க முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராங்கே. சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெடுப்பதோடு மாணவரை நிறுத்திவிடாமல், சிறு குழுவாக அமர்த்தி மூல ஆவணங்களைப் படிக்கவும் ஐயுறவும் அவர் பழக்கினார். 1876இல் தொடங்கப்பெற்ற அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையைத் தழுவிக்கொண்டது. பின்னர்ப் பிற நாடுகளுக்கும் அது பரவிற்று. ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஆவணங்களைப் படித்து, ஒருவர் எழுதியதை மற்றவர் தடைவிடைகளால் சோதித்து, இறுதியில் ஒரு நீண்ட கட்டுரையை உருவாக்குவதே அதன் நடைமுறை.

நம் கல்லூரிகளிலோ 'செமினார்' என்னும் சொல் பெரும்பாலும் ஒரு மாணவர் பாடப்பகுதியொன்றை வகுப்பின்முன் படித்துக்காட்டும் ஒரு மணி நேரத்தையே குறிக்கின்றது. ஆயினும் விருப்பப்பாடமும், அதனோடு இணைந்து வரும் திட்டக்கட்டுரையும் ஆய்வரங்கின் பயனைத் தரவல்லவை. தேர்வு செய்யும்போதே அந்நோக்கம் இருத்தல் வேண்டும்.

தலைப்பைக் காட்டிலும் வினா பெரிது

பாடத்தின் பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. 'சோழர் வரலாறு' என்னும் தலைப்பின்கீழ் மன்னர் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்விக்கவும் இயலும். நிலம் யாருக்கு உரியதாயிருந்தது என்று கேட்கவும் இயலும். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இரண்டாவது வழியிற் சென்றவர். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சிற்றூர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை அவர் ஒப்பிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுரிமையும், அல்லூரில் ஊராரின் கூட்டுரிமையும் நிலவியதை எடுத்துக்காட்டினார். எங்கோ பிறந்த ஒருவர் காவிரிக்கரைச் சிற்றூர்கள் இரண்டைக் கொண்டு தென்னிந்தியச் சமூக வரலாற்றின் பெருவினா ஒன்றைத் திறந்தார் என்பது நம் மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது. எனவே பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும், இப்பாடம் எவ்வினாவுக்கு விடை தேடுகின்றது என்று ஆசிரியரிடம் கேட்டறிதல் முதற்படியாகும்.

சான்றுகள் கைக்கெட்டுமா?

இரண்டாவதாக நோக்க வேண்டியது சான்று. பிரெஞ்சுப் புரட்சி பெருஞ்சிறப்புடைய பாடம். அதன் மூல ஆவணங்களை நம் மாணவர் மொழிபெயர்ப்புகளின் வாயிலாகவே அணுக இயலும். ஆனால் சேலம் மாவட்ட மதுவிலக்கை எடுத்துக்கொள்வோம். இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று அதனைச் சேலத்தில் முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது. அதற்குமுன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழை இராஜாஜி நடத்தினார். அப்பணியில் கல்கி உடனிருந்தார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. அரசாணைகள், சட்டமன்ற நடவடிக்கைகள், நாளிதழ்கள், ஊர்ப் பெரியோர் தம் முன்னோரிடம் கேட்டறிந்த செய்திகள் எனப் பலவகைச் சான்றுகள் இப்பொருளுக்கு உண்டு. கள்ளிறக்கி வாழ்ந்த குடும்பங்களுக்கு நேர்ந்தது யாது என்னும் வினாவை எழுப்பினால், அரசின் குரலோடு மக்களின் குரலையும் கேட்கும் பயிற்சி மாணவர்க்கு வாய்க்கும்.

சான்று இருக்குமிடத்தை அறிவதும் ஒரு கலையே. நாமக்கல் வட்டம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில ஆண்டுகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்தது. மீண்டும் சேலத்தோடு சேர்ந்தது. 1997இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே நம் ஊரைப் பற்றிய ஓர் ஆவணத்தைத் தேடுவோர் இரு மாவட்டங்களின் பெயரிலும் தேடுதல் வேண்டும். 1909இல் சென்னைப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக விளங்கும் எழும்பூர் நிறுவனத்துக்குச் செல்லுமுன் இதனை அறிந்திருப்பது பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

மொழியும் எழுத்தும்

மூன்றாவது, மொழித்தகுதி. நாமக்கல் மலையில் குடைந்த அரங்கநாதர் குடைவரையில் அதியர் மரபினைக் குறிக்கும் வடமொழிக் கல்வெட்டுகள் கிரந்த எழுத்தில் உள்ளன. அவற்றை நாள்தோறும் கடந்து செல்வோர் ஆயிரவர். படிக்க வல்லோர் சிலர். கல்வெட்டியலைத் தேர்ந்தெடுப்பவர் எழுத்தைக் கற்கும் உழைப்புக்கு ஒருப்பட வேண்டும். நம் மாணவருள் சிலர் மதரசாவில் அரபு எழுத்தைப் பயின்றவர்கள். அரபுத் தமிழ் ஏடுகளைப் படித்தற்கு அவ்வெழுத்தறிவும் தாய்மொழியறிவும் ஒருங்கே வேண்டும். அவ்விரண்டும் உடையார் வரலாற்றுத் துறையில் அரியர். தம்மிடம் உள்ள இச்செல்வத்தை உணராமல், வேறொருவர் எடுத்தார் என்பதற்காகவே ஒரு பாடத்தை எடுப்பது கைப்பொருளை மறந்து கடன் கேட்பது போன்றதாகும்.

திருத்தித் தரும் ஆசிரியர்

நான்காவது, ஆசிரியர். பல பல்கலைக்கழகங்களில் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்படுகின்றது. அந்த 25 மதிப்பெண் எவ்வாறு வழங்கப்படுகின்றது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். எழுதிக் கொடுத்த கட்டுரையை வரிவரியாகப் படித்து, 'இதற்குச் சான்று எங்கே?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தரும் ஆசிரியர் எப்பாடம் நடத்தினாலும் அப்பாடம் நற்பாடமே. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், பெரும்படைகளின் எண்ணிக்கையை முன்னையோர் எழுதியவாறே ஏற்றுக்கொண்ட வரலாற்றாசிரியர்களைக் கண்டித்தார். அவ்வளவு படைக்கு அந்நிலம் இடங்கொடுக்குமா என்று வினவினார். அவ்வினாவை மாணவர் நெஞ்சில் ஊன்றுவதே ஆய்வரங்கின் உயிர்.

வேலைவாய்ப்பு என்னும் கவலை

'தேர்வாணையத் தேர்வுக்கு உதவாத பாடம் எதற்கு?' என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வியை இகழ்வதற்கில்லை, கடன் வாங்கிப் படிக்கவைப்போர் கேட்கும் கேள்வி அது. ஆயினும் தொகுதி 1 முதன்மைத் தேர்வு விரிந்துரைக்கும் விடைகளை வேண்டுவது. செய்திகளைத் திரட்டி, வரிசைப்படுத்தி, ஒரு முடிவை நிறுவி எழுதும் ஆற்றல் வினாவிடைத் தொகுப்புகளால் வாராது. ஒரு பருவம் முழுதும் ஒரே பொருளில் எழுதித் திருத்தி மீண்டும் எழுதியோர்க்கே அது கைவரும். இரு விருப்பப்பாடங்கள் எடுக்க வாய்ப்பிருப்பின், ஒன்றைத் தம் மண்ணுக்கு அணுக்கமானதாகவும் மற்றொன்றைத் தொலைநாட்டைப் பற்றியதாகவும் கொள்வது நன்று. முன்னது சான்றைக் கையாளக் கற்பிக்கும். பின்னது ஒப்புநோக்கக் கற்பிக்கும்.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும்

பல கல்லூரிகளில் விருப்பப்பாடம் என்னும் பெயர் மட்டுமே உள்ளது. துறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க, வகுப்பு முழுவதும் அதனையே படிக்கின்றது. ஆசிரியப் பற்றாக்குறையே இதற்குப் பெருங்காரணம். எனினும் பாடம் ஒன்றேயாயினும் திட்டக்கட்டுரைப் பொருளையாவது மாணவர் விருப்பத்திற்கு விடுதல் இயலும். முந்தைய பருவத்தின் இறுதியிலேயே பாடங்களைப் பற்றி அரைநாள் விளக்கக் கூட்டம் நடத்துவதற்குச் செலவொன்றுமில்லை.

சமுதாயப் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. பள்ளிவாசல் கணக்கேடுகள், நிகாஹ் தப்தர்கள், வக்பு நிலப் பத்திரங்கள், கடைப் பேரேடுகள், பழைய கடிதங்கள் ஆகியவை கரையானுக்கும் பழைய தாள் வியாபாரிக்கும் இரையாகி வருகின்றன. அவற்றை உரிய பாதுகாப்புடன் மாணவர் பார்வைக்குத் திறந்துவிடின், நாளை எழுதப்படும் வரலாற்றில் நம் ஊர்களும் இடம்பெறும்.

புதுச்சத்திரம் என்னும் பெயரிலேயே ஒரு வினா அடங்கியுள்ளது. 'புது'ச் சத்திரம் எனின் பழைய சத்திரம் எது? யார் அமைத்தார், எவர் தங்கினார், எவர்க்குச் சோறு இடப்பட்டது, எவர்க்கு மறுக்கப்பட்டது? இன்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கோழிப்பண்ணை முட்டையை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு முன்பு இவ்வழியே எவை சென்றன? மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் ஒரு மாணவி இவ்வினாக்களுள் ஒன்றைக் கையிலேந்தி ஆவணக் காப்பகத்தின் படியேறுவாராயின், அவர் தேர்ந்தெடுத்த பாடம் சரியான பாடமே என்று நாம் உறுதியாகக் கூறலாம்.