பூஞ்சேரியில் ஒரு சிப்பாய்ப் பலி

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-ஆம் ஆண்டு நடைபெற்ற 44-வது சதுரங்க ஒலிம்பியாடில், ஆகஸ்டு 6 அன்று அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற கருவானாவும், அப்போது பதினாறே வயதான சென்னை குகேஷும் ஆடிய ஆட்டம், ஆட்டத் தொடக்கத்தைப் பயில விரும்புவோர்க்கு உத்தமமான பாடமாகும்.

கருவானா வெள்ளைக் காய்களோடு ராஜாவின் சிப்பாயை இரு கட்டம் நகர்த்த, குகேஷ் சிசிலியன் தற்காப்பை மேற்கொண்டார். மூன்றாம் நகர்த்தலிலேயே ‘செக்’ வைத்த வெள்ளை மந்திரி, ஓரச் சிப்பாயால் விரட்டப்பட்டுப் பின்வாங்கி, தன் ராணியின் சிப்பாய்க்கு நேர் எதிரே வந்து வழிமறித்து நின்றது. அதனால் பின்னால் இருந்த மற்றொரு மந்திரியும் அடைபட்டது.

ஏழாம் நகர்த்தலில்தான் விசேஷம். குகேஷ், ராஜாவின் பக்கத்துக் குதிரைக்கு உரிய சிப்பாயை, யாதொரு காவலுமின்றி, இரு கட்டம் தள்ளி வெள்ளைக் குதிரையின் வாயருகே வைத்தார். வெள்ளைக் குதிரை அதை வெட்டியது. ஆனால் அதுகாறும் மையக் கட்டத்தைக் காத்து வந்தது அந்தக் குதிரைதானே! அது விலகிய மாத்திரத்தில் கறுப்புக் குதிரை அங்கே பாய்ந்து மந்திரியைத் தாக்கிற்று. சிப்பாய் நீங்கிய நிரலோ, கோட்டை கட்டி அமர்ந்திருந்த வெள்ளை ராஜாவை நோக்கிக் கறுப்பு யானைக்கு ராஜபாட்டையாயிற்று. ஆட்டம் குகேஷுக்கே.

தொடக்கம் பயில்வதென்பது நகர்த்தல்களை உருப்போடுவதன்று. ஒவ்வொரு காயும் எதைக் காக்கிறது, அது பெயர்ந்தால் எது அநாதையாகிறது என்று விசாரிப்பதே என்பது என் அபிப்பிராயம். அச்சிட்ட ஆட்டத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு, அடுத்த நகர்த்தலை ஊகித்து எழுதிய பிறகே தாளை இறக்க வேண்டும். கம்ப்யூட்டரின் தீர்ப்பை முதலிலேயே பார்ப்பவர், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் மாணாக்கரை ஒப்பர்.

தொடக்கத்தில் வென்றால் போதும் என்றும் மயங்க வேண்டாம். முதல் எட்டுச் சுற்றுகளிலும் வென்ற குகேஷ், பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், ஜயம் கைக்கெட்டிய நிலையிலிருந்தும் தோற்றார். தங்கமும் உஸ்பெகிஸ்தானுக்கே போயிற்று. அந்த ஆட்டத்தையும் பலகையில் வைத்து, கடைசி நகர்த்தல்வரை ஆடிப் பாருங்கள்.