விசா வந்தாச்சு... எந்த விசா?



இறுதியாண்டு வந்துவிட்டால் நம் விடுதி மெஸ்ஸில் இரண்டே பேச்சுதான். ஒன்று அரியர், இன்னொன்று துபாய். பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கே ஓர் ஏஜென்ட் வந்தார். "தம்பி, ஒன்றரை லட்சம் கட்டு. பத்தே நாள்ல விசா. டெக்னீஷியன் வேலை" என்றார். அம்மா தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் மட்டும், "விசாரிச்சுச் சொல்றேங்க" என்றேன். காரணம், என் பெரியப்பா மகன்.

அண்ணனும் நம்மைப்போல டிப்ளமோதான், எலக்ட்ரிக்கல். "விசா வந்தாச்சு" என்று தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். வந்தது விசிட் விசா! "போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்றாராம் ஏஜென்ட். இரண்டு மாதம் கட்டடத்தில் வயரிங் வேலை. சம்பளம் கேட்டால், "உன்கிட்ட என்ன காண்ட்ராக்ட் இருக்கு?" என்றார்களாம். புகார் கொடுக்கவும் பயம். விசிட் விசாவில் வேலை செய்ததே அந்நாட்டுச் சட்டப்படி தவறு. கடன் வாங்கி டிக்கெட் போட்டு ஊர் வந்து சேர்ந்தார். அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை.

விசா என்றால் என்ன? பாஸ்போர்ட் நம் நாடு தருவது. நாம் யார் என்று சொல்வது. விசா போகிற நாடு தருவது. எதற்காக வரலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது. சுற்றிப் பார்க்க ஒன்று, படிக்க ஒன்று, வேலைக்கு ஒன்று. வளைகுடா நாடுகளில் வேலை விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது வேலை தரும் கம்பெனி. கடையில் சட்டை வாங்குவதுபோல நாம் விசா வாங்க முடியாது.

இன்னொரு விஷயம். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று இருக்கும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். வேலை ஒப்பந்தமும் அப்போது பார்க்கப்படும். நாம் பத்தாவது தேறியவர்கள். நமக்கு அது தேவையில்லை. 'அப்பாடா, ஒரு வேலை மிச்சம்' என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் காண்ட்ராக்டைப் பார்க்க ஆளில்லை என்பதுதானே அதன் அர்த்தம்? நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்!

படித்தவன் ஏமாற மாட்டான் என்பீர்களா? 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள், மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு இணைய மோசடி வேலையில் தள்ளப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

ஆகவே நண்பர்களே, பணம் கட்டுமுன் இவற்றைப் பாருங்கள்:

1. பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்கட்டும். விண்ணப்பிக்கும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டுங்கள்.

2. ஏஜென்டிடம் அரசுப் பதிவு எண் கேளுங்கள். 'இ-மைக்ரேட்' தளத்தில் அது இருக்கிறதா என்று சரிபாருங்கள். அவர் நம்மிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் ரூ. 30,000, அதற்கு ஜி.எஸ்.டி. தனி. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

3. விசாவில் வகை, கம்பெனி பெயர், தொழில், காலம் நான்கையும் படியுங்கள். 'டெக்னீஷியன்' என்று சொல்லிவிட்டு 'ஹெல்பர்' என்று போட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அரபியில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

4. டிப்ளமோ சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் கேட்பார்கள். அதற்கு நாளாகும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

5. பாஸ்போர்ட், விசா, காண்ட்ராக்ட் மூன்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

மறுவாரம் அந்த ஏஜென்ட் வந்தார். பதிவு எண் கேட்டேன். "தம்பி ரொம்ப விவரமா பேசுதே!" என்று சிரித்தபடி எழுந்தவர்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவின் சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது.

வெளிநாடே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போவோம், உழைப்போம், குடும்பத்தை உயர்த்துவோம். ஆனால் விசாவைப் படித்துவிட்டுப் போவோம்!