அரசு வட்டி மானியம் இருக்கு, சரி... டவுன் பேமென்ட்டுக்கு எவ்வளவு வேணும்?

"10% கையில இருந்தா போதும் சார், மீதி எல்லாம் பேங்க் லோன், அதுக்கு மேல கவர்ன்மென்ட் மானியமும் வரும்." வீடு பார்க்கப் போற எல்லார் காதுலயும் இந்த டயலாக் விழுந்திருக்கும். இதுல ஒவ்வொரு துண்டும் தனித்தனியா உண்மைதான். ஆனா மூணையும் ஒட்டவெச்சுச் சொல்லும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்குது.

முதல்ல அந்த 10% எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். வீட்டு மதிப்புல எவ்வளவு சதவீதம் வரைக்கும் கடன் கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வெச்சிருக்கு. கடன் தொகை 30 லட்சம் வரை இருந்தா 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதுக்கு மேல 75%. இது பேங்குக்கு விதிச்ச உச்சவரம்பு, உங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் இல்ல. சம்பளம், சிபில் ஸ்கோர், ஏற்கனவே ஓடுற இ.எம்.ஐ. எல்லாம் பார்த்துட்டு 80 தான் தருவேன்னு பேங்க் சொன்னா அதோட முடிஞ்சது. இன்னொன்னு, வீட்டு விலைன்னு பேங்க் எடுத்துக்கறதுல பத்திரச் செலவு சேராது. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும் சேர்த்துக்கலாம்னு ஒரு விலக்கு இருக்கு. இன்னைக்கு டவுன்ல 10 லட்சத்துக்கு வீடு எங்க கிடைக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.

இப்போ மானியம். பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0, 2024 செப்டம்பர்ல தொடங்கின திட்டம். இதுல வட்டி மானியப் பிரிவு நமக்கு முக்கியம். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ள இருக்கணும். இந்தியாவுல எங்கயும் குடும்பத்துல யார் பேர்லயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. குடும்பம்னா கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள, கார்ப்பெட் ஏரியா 120 சதுர மீட்டருக்குள்ள. கடனோட முதல் 8 லட்சத்துக்கு, 12 வருஷக் கணக்குல, 4% வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய்.

இந்த 1.80 லட்சம் உங்க கைக்கு வராது. அஞ்சு வருஷத் தவணையா உங்க லோன் அக்கவுன்ட்ல வரவு வைப்பாங்க. அதாவது டவுன் பேமென்ட்டுக்கு இதுல இருந்து ஒரு ரூபாய்கூட உதவாது. இது தெரியாம "மானியம் வந்ததும் திருப்பித் தர்றேன்"னு சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து வாங்கினவங்க இருக்காங்க.

35 லட்சம் வீடா, 28 லட்சம் வீடா?

தமிழ்நாட்டுல கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக மொத்தம் 9%. (பில்டர்கிட்ட முதல் விற்பனையா வாங்குற புது ஃபிளாட்டுக்குக் கணக்கு வேற, குறைவாவே வரும். நான் இங்க தனி வீட்டை எடுத்துக்கறேன்.) லீகல் ஒப்பீனியன், ப்ராசஸிங் ஃபீஸ், எம்.ஓ.டி. பதிவுன்னு ஒரு 50,000 ஒதுக்கிடுவோம்.

28 லட்சம் வீட்டுக்குக் கடன் 25 லட்சம். உங்க பங்கு 3 லட்சம், பத்திரம் 2.52 லட்சம், இதர செலவு அரை லட்சம். மொத்தம் சுமார் 6 லட்சம். வெறும் 10%னு சொன்னாங்களே, இது 21% தாண்டுது.

35 லட்சம் வீட்டுக்கு, மானியம் வேணும்னா கடன் அதே 25 லட்சம்தான். உங்க பங்கு 10 லட்சம், பத்திரம் 3.15 லட்சம், இதரம் அரை. மொத்தம் 13.65 லட்சம். வீட்டு விலை 7 லட்சம் ஏறினா கையில இருந்து போறது 7.63 லட்சம் ஏறுது! திட்டத்துல 35 லட்சம் வரைக்கும் அனுமதின்னு விளம்பரம் பார்த்துட்டுப் போறவங்க மாட்டுறது இங்கதான்.

சரி, மானியமே வேண்டாம், 30 லட்சம் கடன் வாங்கிக்கறேன்னா? ரிசர்வ் வங்கி விதிப்படி முடியும். கைக்காசு 8.65 லட்சமா குறையும்.

இல்ல, மானியத்தையும் விட மாட்டேன், 25 லட்சம் வீட்டுக் கடன், மீதி 5 லட்சத்துக்குப் பர்சனல் லோன்னு சிலர் கேக்கறாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14% வட்டி, 5 வருஷம்னா மொத்த வட்டி 1.98 லட்சம். அதே 5 லட்சத்தை 8.5% வீட்டுக் கடன்ல 5 வருஷத்துல அடைச்சா 1.15 லட்சம். வித்தியாசம் 83,000 சுமார். மானியம் 1.80 லட்சம். அப்போ பேப்பர்ல லாபம்தான், மறைக்க விரும்பல.

ஆனா மாசா மாசம் என்ன ஆகுது? 30 லட்சம், 20 வருஷம், 8.5%னா இ.எம்.ஐ. சுமார் 26,000. இந்த ரெட்டைக் கடன் வழியில 21,700 கூட்டல் 11,600, ஆக 33,300. வீட்டுக்கு மாசம் 60,000 வர்ற குடும்பத்துல பாதிக்கு மேல கடனுக்கே போகுது, அதுவும் முதல் அஞ்சு வருஷம். அதோட பேங்க், பர்சனல் லோன் இ.எம்.ஐ.யையும் கணக்குல எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக் கடன் தகுதியையே குறைச்சிடலாம். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புரோக்கர் சொல்ற குறுக்கு வழி

"அக்ரிமென்ட்ல 28-க்கு 32 போட்டுக்கலாம், பேங்க் கூடக் கொடுப்பான்." வேண்டவே வேண்டாம். பேங்க் தன்னோட மதிப்பீட்டாளரை அனுப்பும், ரெண்டுல எது குறைவோ அதைத்தான் எடுக்கும். தப்பித் தவறி நிறைவேறினாலும் கூடுதல் 4 லட்சத்துக்கு 36,000 பத்திரச் செலவு உங்க தலையில. பேங்கை ஏமாத்தினதா கேஸ் வேற. அதே மாதிரி, "அட்வான்ஸ் மட்டும் கேஷா கொடுங்க"ன்னா, வீடு, மனை விஷயத்துல 20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் போட வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு. செக் அல்லது ட்ரான்ஸ்ஃபர் மட்டும்.

"டேக்ஸ் மிச்சமாகும் சார்"னும் சொல்லுவாங்க. குடும்பமே 9 லட்சத்துக்குள்ள சம்பாதிக்குது, புது வரிமுறையில 12 லட்சம் வரைக்கும் சம்பள வருமானத்துக்கு வரியே வராது. இல்லாத வரியில எதை மிச்சம் பிடிக்கறது?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியல. ஒவ்வொரு தவணை மானியம் விடும்போதும் கடன் நடப்புல இருக்கணும், அசல்ல பாதிக்கு மேல பாக்கியும் இருக்கணும். ஊர்ல நிலம் வித்த காசு வந்துச்சு, மூணாவது வருஷமே பாதிக்கு மேல அடைச்சிட்டேன்னா மீதித் தவணை போச்சு. அடைக்கறது தப்பில்ல, வட்டி மிச்சம் அதைவிடப் பெரிசா இருக்கலாம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் கூட்டிப் பார்த்துட்டு அடைங்க.

வீடு பார்க்கக் கிளம்பறதுக்கு முன்னாடி, பேங்க்ல சாங்ஷன் எவ்வளவு வரும்னு எழுத்துல வாங்குங்க. அப்புறம் சேவிங்ஸ், எஃப்.டி., அடகு வெக்கத் தயாரா இருக்கற நகை, பி.எஃப்.ல வீட்டுக்காக எடுக்க முடியற தொகை, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல கூட்டுங்க. அதுல ஆறு மாச இ.எம்.ஐ.யை முதல்ல தனியா எடுத்து வெச்சிடுங்க. மிச்சம் 6 லட்சம்னா நீங்க பார்க்க வேண்டியது 28 லட்சம் வீடு. புரோக்கர் 35 லட்சம் வீட்டைக் காட்டக் கூப்பிட்டா, போய்ப் பார்க்கவே வேண்டாம்.